கரப்பான் வராத கப்போர்டு

என் உசுரு நைனாவுக்கு,

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. காசிமேட்டில் படகெல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. பஸ் அந்தப் பக்கம் திரும்பினாலே பெயிண்ட் வாசனை ஜன்னல் வழியாக ஏறிவிடுகிறது. நீ இருந்தால் இந்நேரம் முழங்கை வரைக்கும் நீலமாக வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "கோமு, மண்ணெண்ண எட்தா, உங்கம்மா பாக்கறதுக்குள்ள தொட்ச்சிக்கிறேன்" என்பாய். மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

போன இரண்டு வருஷமும் உன் நினைவு நாளுக்குத் தெருமுனையில் பேனர் கட்டினோம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நீ எடுத்துக்கொண்ட அந்தக் கல்யாண வீட்டுப் போட்டோதான். இந்த வருஷம் பேனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதம். ஜெராக்ஸ் எடுத்து நம் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுக்கப் போகிறேன். உனக்கு எழுதியதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பாய். சொல்கிறேன், கொஞ்சம் பொறு. அதைச் சொல்ல எனக்கே இன்னும் வாய் வரவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. நீ போனதும் அம்மாவைத் தனியே விட மனசில்லாமல், நானும் சரவணனும் மணலி புதுநகர் வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டுத் திருவொற்றியூருக்கே வந்துவிட்டோம். உன் மாப்பிள்ளைக்கு இன்னும் அதே கன்டெய்னர் யார்டு வேலைதான். எனக்கும் ராயபுரத்தில் அதே கிளியரிங் ஆபீஸ்தான். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கெல்லாம் நாள் பூரா இங்கிலீஷில் பேப்பர் அடிக்கிறேன். நீ பார்க்காத உன் பேத்திக்கு இரண்டரை வயசாகிறது. பவித்ரா என்று பேர், பவி என்று கூப்பிடுகிறோம். மூக்கு அப்படியே உன் மூக்கு.

இப்போது சமையலறைக்கு வருகிறேன். மேடைக்குக் கீழே நாலு கதவு, மேலே மூன்று கதவு, எல்லாம் படகுக் கேபினுக்குப் போக மிஞ்சிய பிளைவுட்டில் நீயே அடித்த கப்போர்டு. அதில் ஒரு கதவாவது நேராக மூடியிருக்கிறதா, சொல்லு? மூன்றாவது கதவை இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். வெளிப்பக்கம் ஒவ்வொரு தடைக்காலத்துக்கும் ஒரு நிறம், அந்த வருஷம் படகில் எது மிஞ்சியதோ அது. உள்பக்கம் மட்டும் எப்போதும் செங்கல் சிவப்பு. படகின் அடிப்பக்கத்தில் சிப்பி ஒட்டாமல் இருக்க அடிக்கிற பெயிண்ட் அது.

அதை ஏன் உள்ளே அடித்தாய் என்பது தெருவுக்கே தெரிந்த கதை. நம் வீட்டில் கரப்பான் தொல்லை அப்படி இருந்தது. பருப்பு டப்பாவைத் திறந்தால் உள்ளேயிருந்து மீசையை ஆட்டும். "கடல்ல கெடக்குற சிப்பியே இத்த கண்டா ஓடுது, கரப்பான் எம்மாத்திரம்?" என்று நீ ஒரு டின் கொண்டுவந்து உள்பக்கம் பூராவும் பூசினாய். அடித்த வாரமே கரப்பான் போன இடம் தெரியவில்லை. அப்புறம் உன் அலட்டலைக் கேட்கணுமே! டீக்கடையில் உட்கார்ந்தாலும் அதே பேச்சு, ஏலக்கூடத்தில் நின்றாலும் அதே பேச்சு. ஆசைப்பட்டுக் கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் நீயே பிரஷ்ஷோடு போய் ஓசியில் அடித்தும் கொடுத்தாய்.

நீ எங்களை விட்டுப் போன வருஷம், படகு வேலையை முடித்து மிச்ச டின்னை வீட்டில் கொண்டுவந்து வைத்தாய். மறுநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். அதற்கப்புறம் அந்தக் கப்போர்டில் யாரும் கை வைக்கவில்லை. உப்புக் காற்றுக்குச் சொல்லவா வேண்டும்? வெளி நிறம் வெடித்தது. உள்ளே சிவப்பு செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. அரிசியைப் புடைத்தால் நாலு சிவப்புச் செதில் முறத்தில் கிடக்கும். பொறுக்கிப் போட்டுவிட்டு உலை வைத்தோம்.

இந்த வருஷம்தான் பேச்சு எழுந்தது, பெயிண்ட் அடிப்பதா, பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதா என்று. சரவணன் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"அத்தே, கதவெல்லாம் தொங்கிகினு கீது. எட்த்துட்டு பிவிசில போட்டுக்கலாம். யார்டுல எங்க சூப்பர்வைசர் வூட்ல போட்டுகிறாரு, ஷோக்கா கீது."

"இன்னாது, பிளாஸ்டிக்கா? அடுப்பாண்ட எவனாவது பிளாஸ்டிக்க வெப்பானா? அவரு கையால பண்ணது மாப்ள இது. ஒரு கோட்டு அடிச்சா புத்சா பூடும். நான் கண்ண மூடுற வரிக்கும் யாரும் இத்த பிக்கக் கூடாது, சொல்ட்டேன்."

நான் அம்மா பக்கம். உன் கை பட்ட சாமானைப் பிடுங்க எனக்கு மட்டும் மனசு வருமா? பெயிண்ட் அடிக்கலாம் என்று முடிவு பண்ணி, உன் தோஸ்து பாஷா பாயிடம் சொல்லியனுப்பினோம். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் பவிக்கு உடம்புக்கு வந்துவிட்டது. சாப்பாடு வேண்டாம் என்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், முகம் வெளுத்துப்போனது. பூச்சி மருந்து கொடுத்தோம், கோயிலில் மந்திரித்தோம், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா அவள் கண்ணை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "வீட்ல பழைய பெயிண்ட் எதாவது உதிருதாம்மா? குழந்தை எடுத்து வாயில வைக்குதா?" என்றார்.

அம்மா சமைக்கும்போது பவி கீழ்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சிவப்புச் செதிலை நகத்தால் உரித்து உரித்து, அவல் தின்பது மாதிரி வாயில் போட்டுக்கொள்வாள். நான் எத்தனை தடவை அவள் வாயில் விரலை விட்டு எடுத்திருக்கிறேன். எடுத்துப் போட்டுவிட்டு, "சீ, கலீஜு" என்று திட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியிருக்கிறேன்.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா.

"ஈயமா?" என்று அம்மா குறுக்கே விழுந்தாள். "நாங்க பித்தள குண்டானுக்கு ஈயம் பூசி பூசித்தானே சோறு ஆக்குனோம்? எங்களுக்கு இன்னா ஆயிடுச்சி?"

"அது வெள்ளீயம்மா. இது காரீயம். பழைய பெயிண்ட்ல இருக்கும். இது விஷம், அதுவும் குழந்தைங்க மூளைக்கு ஆகவே ஆகாது. மருந்து அப்புறம். முதல்ல அந்தப் பெயிண்ட் குழந்தை கைக்கு எட்டாம பண்ணுங்க."

பேச்சு சரியாக வருமா, படிப்பு ஏறுமா என்று நான் கேட்டேன். இப்போதே எதுவும் சொல்ல முடியாது, மூன்று மாசம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம், அதுவரைக்கும் இரும்புச்சத்து மருந்து கொடுங்கள் என்றார். நைனா, அவள் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே வயசில் வாய் ஓயாமல் பேசுகிறது. இவள் லேட்டாகப் பேசுவாள் என்று இத்தனை நாளும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சரவணன் வெடித்துவிட்டார். இதுவரை உன்னை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசாத மனிதர். "சோறு வெக்கிற எடத்துல எவனாவது கப்பல் பெயிண்ட அடிப்பானா? உங்கப்பாவுக்குத்தான் படிப்பில்ல, கேட்டுகினாவது அடிச்சிருக்கலாம்ல? யாராண்டயாவது ஒரு வார்த்த கேட்டிருந்தா எம் புள்ளைக்கு இந்தக் கதி வருமா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். பெற்ற தகப்பனை ஒருத்தர் இப்படிச் சொல்கிறாரே, அவருக்காக ஒரு வார்த்தை பேசுவோம் என்று எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஷா பாய் வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, பெயிண்ட் அடிக்கத்தான் கூப்பிடுகிறோம் என்று உப்புத்தாளும் கையுமாக வந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சேதியைச் சொன்னதும் உப்புத்தாளைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்டீன்னா இத்த நான் தேய்க்க மாட்டேம்மா. தேய்ச்சா தூசா பறக்கும், அல்லாரும் மூக்குல இஸ்த்துகினு போவணும். மேலயே அடிச்சா ரெண்டு வருஷத்துல திரும்ப உதிரும். அந்தப் பழைய டின்னு இன்னாவது கீதா பாரு, அதுல இன்னா போட்டுகீதுன்னு பாக்கலாம்."

லாஃப்டில் ஏறித் தேடினேன். நீ ஆணி போட்டுவைத்திருந்த டின்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது டின்தான். ஆணியைக் கீழே கொட்டிவிட்டு, துணியால் துடைத்தேன். லேபிள் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மேலே பெரிய எழுத்து, கீழே எறும்பு எழுத்து, ஓரத்தில் மண்டையோட்டுப் படம். லாஃப்டில் முட்டி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தேன். காரீயம் இருக்கிறது என்று போட்டிருந்தது. உணவுப் பொருள் படும் இடத்தில் பூசக் கூடாது என்று போட்டிருந்தது. குழந்தைகள் வாய் வைக்கும் இடத்தில் பூசக் கூடாது, தேய்க்கும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது என்று போட்டிருந்தது.

"இன்னாமா போட்டுகீது?" என்று கீழேயிருந்து பாய் கேட்டார்.

"எழுத்தெல்லாம் அழிஞ்சி போச்சி பாய். படிக்க முடியல" என்றேன்.

அந்த டின்னைப் புடவைத் தலைப்பில் மறைத்து இறக்கி, என் ஆபீஸ் பைக்குள் வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா, நைனா? உனக்குத் தெரியும். அந்த லேபிளை நான் பார்ப்பது அது முதல் தடவை இல்லை.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தெருவிலேயே இங்கிலீஷ் மீடியம் போன முதல் பிள்ளை நான்தான். நீ அந்த டின்னைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாய். பாஷா பாய், படகு ஆட்கள் என்று ஆறேழு பேர் சுற்றி நின்றார்கள். உள்ளே அடிக்கலாமா கூடாதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நீ கையைத் தட்டி எல்லாரையும் நிறுத்தினாய். "இரு இரு, எம் பொண்ணு கீது. இங்கிலீஷு அதுக்குத் தண்ணி பட்ட பாடு. கோமு, இதுல இன்னா போட்டுகீது, படி."

பெரிய எழுத்தைச் சத்தமாகப் படித்தேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அப்புறம் சின்ன எழுத்துக்கு வந்தேன். ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் என் விரல் நீளத்துக்கு இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் நீ மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாய். தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? "பூச்சி வராது, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னு போட்டுக்குது நைனா" என்றேன். அது மட்டும் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாரும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வூட்டுக்கும் அடிக்கலாம்னு போட்டுக்குது" என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

நீ யாரிடமும் கேட்காமல் அடிக்கவில்லை நைனா. என்னிடம் கேட்டுத்தான் அடித்தாய்.

அந்த டின் ஒரு வாரம் என் ஆபீஸ் பையில் இருந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் கையில் இடித்தது. என் வேலையைக் கேட்டால் நீயே சிரிப்பாய்: ஆபத்தான சரக்கு என்று வருகிறதே, அதற்குப் பேப்பர் அடிப்பது நான்தான். எந்த டிரம்மில் என்ன விஷம், யார் தொடக் கூடாது, எங்கே வைக்கக் கூடாது என்று ஒரு எழுத்து பிசகாமல் அடிப்பேன். ஊரான் சரக்கை அவ்வளவு பத்திரமாகப் பார்த்தவள், என் வீட்டு அரிசி எதில் இருக்கிறது என்று ஒரு நாளாவது நினைத்தேனா? அந்த முற்றத்து நாளை நான் மறந்தே போயிருந்தேன். நிஜமாகவே மறந்தேனா, மறந்த மாதிரி இருந்துகொண்டேனா என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

சரவணன் இன்னும் இரண்டு தடவை உன்னைப் பற்றிச் சொன்னார். இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். செத்தவன் பதில் பேச மாட்டான் என்ற தைரியம்தானே? இதற்கு மேல் என்னை நீ என்ன திட்டினாலும் தகும்.

அம்மாதான் அந்த மறைப்புக்கு முடிவு கட்டினாள். கப்போர்டைக் காலி பண்ணி, பவி உள்ளே போகாதபடி சமையலறை வாசலில் பலகை வைத்து மறித்திருந்தோம். அம்மா அடுப்பைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சமைத்துக்கொண்டிருந்தாள். பிடுங்கலாம் என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அடுத்த ஞாயிறு காலை நான் மீன் வாங்கப் போயிருந்தேன், சரவணன் யார்டில். திரும்பி வந்தபோது உள்ளே சர்ர் சர்ர் என்று சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா கீழே உட்கார்ந்து, பட்டி பார்க்கும் தகட்டால் அந்தச் சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலைமயிர், புருவம், ரவிக்கை எல்லாம் செந்தூள். பக்கத்தில் பவி. பலகையைத் தாண்டி எப்படியோ உள்ளே வந்து, தரையில் படிந்த தூளில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த விரலை வாயில் வைத்தாள்.

நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடி, வாயைக் கழுவி, தலையோடு தண்ணீர் ஊற்றி, துணியை உருவிப் போட்டேன். அம்மாவையும் இழுத்து வந்து தண்ணீரை ஊற்றினேன். "உனக்கு அறிவு கீதாமா? இன்னா பண்றன்னு தெரிஞ்சிதான் பண்றியா?" என்று அடிக்காத குறையாகக் கேட்டேன்.

அம்மா நனைந்துபோய் நின்றாள். "எல்லாத்தையும் சொரண்டி எட்த்துட்டு நல்ல பெயிண்டு அடிச்சிட்டா, அந்த மன்சனப் பத்தி யாரும் பேச மாட்டாங்கல்ல? கட்டுனவரு புள்ளைக்கு வெஷம் வெச்சாருன்னு எம் மாப்ள வாயால கேக்கணுமா நான்?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அவரு வெக்கல. நான் வெச்சேன்" என்றேன். பையிலிருந்து டின்னை எடுத்து அவள் முன்னால் போட்டேன். முற்றம், ஆறேழு பேர், எறும்பு எழுத்து, நானாகச் சேர்த்துக்கொண்ட அந்தக் கடைசி வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அழுகைக்கு நடுவே பாதி அவளுக்குப் புரிந்ததோ என்னவோ.

அம்மா டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "உனக்கு அத்தப் படிக்கத் தெர்லன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும்டி."

"இன்னாமா சொல்ற?"

"அல்லாரும் போனப்புறம் என்னாண்ட சொல்லிச் சிரிச்சாரு. 'புள்ள முழிச்சிது நாகு. சின்ன எழுத்தாண்ட வந்ததும் எச்சி முழுங்கிச்சி. அத்தினி பேரு எதிர்ல இன்னோர் தபா கேட்டா அதுக்கு அவமானமாப் பூடும், வுட்டேன்'னாரு."

"தெரிஞ்சும் ஏம்மா அடிச்சாரு?"

"வருஷம் பூரா கையால தொட்றோம், நமக்கு இன்னா ஆயிடுச்சின்னு அடிச்சாரு. அடிக்காம வுட்டா, நீ படிச்சத நம்பலன்னு ஆயிடும்ல?"

நைனா, அன்றைக்கு நீ ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை? என் முகம் சுருங்கினால் சுருங்கட்டும் என்று ஏன் விடவில்லை? பத்து வயசுப் பிள்ளையின் அவமானம் ஒரு வேளைச் சோற்றோடு போயிருக்குமே. உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அந்தக் கோபத்தோடு, என்னை இப்படி யாரும் இனிமேல் விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ள மாட்டார்களே என்று அழுகையும் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அன்றைக்குச் சாயங்காலம் சரவணனிடமும் சொன்னேன். அவர் எழுந்து போய் உன் போட்டோ முன்னால் நின்று, "மன்ச்சிக்கங்க மாமா" என்றார். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவார். பேசாவிட்டாலும் அவர் மேல் தப்பில்லை.

கப்போர்டைப் பிடுங்கியாகிவிட்டது. பிடுங்கலாம் என்று சொன்னதே அம்மாதான். பவியைக் கொண்டுபோய் சரவணனின் அக்கா வீட்டில் விட்டோம். பாஷா பாய் வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து நனைத்தார். தூசி எழாமல் ஒவ்வொரு கதவாகக் கழற்றி பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டினார். மூன்றாவது கதவைக் கழற்றும்போது அம்மா உள்ளே வந்து, பிளாஸ்டிக் மேலேயே இடுப்பால் ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள். பாய் திரும்பிக்கொண்டார்.

வெந்நீர் அடுப்புக்குப் பலகை கொடு என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கொடுக்கவில்லை. எரித்தால் புகையிலும் அதே விஷம்தான் வரும் என்று சொல்லி, சுற்றியதைச் சுற்றியபடியே மாநகராட்சி ஆளிடம் விஷயத்தைச் சொல்லி ஒப்படைத்தோம்.

பிவிசியும் இல்லை, பெயிண்டும் இல்லை. கடைசியில் கடப்பா கல்லில் வெறும் தட்டு அடித்திருக்கிறோம், கதவே கிடையாது. அரிசியும் பருப்பும் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் உட்கார்ந்திருக்கின்றன. போன வாரம் கரப்பான் வந்துவிட்டது நைனா. பருப்பு டப்பா மேல் ஏறி நின்று மீசையை ஆட்டியது. அம்மா துடைப்பத்தை ஓங்கினாள், ஓங்கிய கையோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம்தான் அடித்தாள்.

பவி வீட்டுக்கு வந்துவிட்டாள். வயிற்று வலி குறைந்திருக்கிறது. மற்றது எல்லாம் மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும். நேற்று "தாத்தா போட்டோ" என்றாள். இரண்டு வார்த்தை சேர்ந்து வந்ததா, எனக்கு அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. அம்மா கேட்டதாகச் சத்தியம் பண்ணுகிறாள்.

இப்போது இந்தக் கடிதம் ஏன் தெருவுக்கு என்று சொல்கிறேன். நீ ஓசியில் அடித்துக் கொடுத்தாயே, அந்த வீடுகள். பாஷா பாயை உட்காரவைத்து எண்ணிப் பார்த்தேன். ஐந்து வீடு. ஐந்து வீட்டிலும் அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது. நான் படித்தேன் என்றுதான் அவர்கள் அடிக்க விட்டார்கள். உன் பேருக்குக் கெட்ட பேர் வருமே என்று அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அப்புறம் அவளே, "போய் சொல்லு. அவரு பேர நான் பாத்துக்குறேன்" என்றாள்.

முதல் வீடு தேசம்மா அக்கா வீடு. அதற்குக் காரணம் இருக்கிறது. அக்காவின் மகள் உஷா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிறப்பதற்குள் சமையலறையைத் தேய்த்து பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று பாஷா பாயைக் கேட்டிருக்கிறார்கள். நேற்று காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். தேய்க்காதீர்கள் என்று முதலில் சொன்னேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்.

தேசம்மா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இத்தினி வருஷமா சும்மா இருந்துட்டு இப்ப வந்து சொல்றியாடி, பாவி" என்றாள். வாங்கிக்கொண்டேன். உஷா மட்டும் டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "மொத்தத்தையும் படிங்கக்கா, ஒண்ணும் வுடாதீங்க" என்றாள். ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் சொன்னேன். கீழே கடைசி வரியில் ஒரு நீள வார்த்தை, ஏதோ மருந்தின் பேர். அதன் மேல் விரலை வைத்து, "இது இன்னாக்கா?" என்றாள்.

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள், நைனா. அன்றைக்கு முற்றத்தில் பார்த்த மாதிரியே. ஏதோ ஒன்றைச் சொல்லிவிட எனக்கு வாய்வரைக்கும் வந்தது.

"தெரியலம்மா" என்றேன். "கேட்டுகினு வந்து சொல்றேன்."

இன்னும் நாலு வீடு இருக்கிறது. உன் நினைவு நாளுக்குள் நாலு வீட்டு வாசலையும் ஏறிவிடுவேன். திட்டினால் நிற்பேன், அழுதால் உட்காருவேன், பலகை பிடுங்கும்வரை வந்து வந்து கேட்பேன். அந்த நீள வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டு போய் உஷாவிடம் சொல்லுவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

அன்றைக்குத் தெரியாது என்று சொல்லாத உன் மகள்,
கோமதி